கணக்கு இடம் மாறும்போது தொலைவது எது?

2011 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கு ‘லயன்’ என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. அதை ஏற்றிய பிறகு, அமெரிக்காவில் பலர் வீட்டு வரவு செலவுக்குப் பயன்படுத்திவந்த ‘குவிக்கன் 2007’ மென்பொருள் திறக்கவே இல்லை. அது பவர்பிசி வகைச் சில்லுகளுக்காக எழுதப்பட்டது. ஆப்பிளோ 2006-இலேயே இன்டெல் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியிருந்தது. பழைய கட்டளைகளைப் புதிய சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தந்துகொண்டிருந்த ‘ரொசெட்டா’ என்ற நிரல் லயனில் இல்லை. லயனில் ஓடும் திருத்தப் பதிப்பை, குவிக்கனைத் தயாரித்துவந்த இன்டூயிட் நிறுவனம் 2012 மார்ச்சில்தான் தந்தது. 2010-இல் வந்த ‘குவிக்கன் எசென்ஷியல்ஸ்’ கைவசம் இருந்தாலும், பங்குகளை வாங்கி விற்ற விவரத்தை அதில் எழுத முடியாது. அதற்கு முன்பே, 2009-இல், இதே வேலைக்கான ‘மைக்ரோசாஃப்ட் மணி’ மென்பொருளின் விற்பனையும் நின்றிருந்தது.

இப்படி மாற வேண்டி வந்தவர்களுக்கு எழும் முதல் கேள்வி, கோப்பை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் போனால் என்ன என்பதுதான். போகலாம், ஆனால் திறக்காது. விண்டோஸ் குவிக்கனும் மேக் குவிக்கனும் பெயரில் மட்டும் ஒன்று. உள்ளே இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டவை, தகவலை அடுக்கும் முறையும் வேறு. அதனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு வடிவம் நடுவில் தேவைப்படுகிறது. பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தது கியூஐஎஃப் என்ற எளிய எழுத்துக் கோப்பு.

அதன் அமைப்பு எவருக்கும் புரியும். D என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரியில் தேதி, தொகைக்கு T, யாருக்குப் பணம் போனது என்பதற்கு P, செலவு வகைக்கு L. ஒரு பதிவு முடிந்ததும் ^ குறி. அவ்வளவுதான். கண்ணால் படிக்க முடிகிற வடிவம் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அதில் இரண்டு பெரிய குறைகள்: எந்த நாட்டு நாணயம் என்று சொல்ல இடமில்லை, ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் இல்லை. இரண்டாவது குறைதான் மாற்றத்தின்போது வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர்.

ஜூன் 5 அன்று நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு 500 டாலர் மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மென்பொருளுக்குள் இது ஒரே நிகழ்வு, இரண்டு முனைகள். கியூஐஎஃப் கோப்பாக வெளியே வரும்போது இரண்டு தனிப் பதிவுகளாகிவிடுகிறது. நடப்புக் கணக்கின் பட்டியலில் 500 குறைந்தது என்று ஒரு வரி, சேமிப்பின் பட்டியலில் 500 கூடியது என்று இன்னொன்று. எதிர்க்கணக்கின் பெயர் மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். இந்த இரண்டும் ஒரே பணம்தான் என்பதைப் புதிய மென்பொருள் தேதி, தொகை, கணக்கின் பெயர் மூன்றையும் பார்த்து ஊகிக்க வேண்டும். பெயரில் ஓர் இடைவெளி மாறினாலும் ஊகம் பிசகும். அப்போது மாற்றம் இரண்டு முறை நடந்ததாக எழுதப்படும், நடப்புக் கணக்கில் 1,000 டாலர் குறையும்.

சரி, ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் நீக்கிவிடச் சொன்னால்? அப்போது எதிர்ப்பக்கத் தவறு வரும். ஒரே நாளில் ஏடிஎம்மில் இரண்டு முறை 20 டாலர் எடுத்திருந்தால், உண்மையான இரண்டாவது பதிவும் காணாமல் போகும். அடையாள எண் இல்லாதவரை இந்த இரண்டு தவறுகளையும் ஒருசேரத் தவிர்க்க எந்த நிரலாலும் முடியாது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்டூயிட், செக்ஃப்ரீ மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஓஎஃப்எக்ஸ் வடிவத்தில் வங்கி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் தருகிறது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தக் கோப்பு வங்கியிடமிருந்து வருவது. நீங்கள் ‘மளிகை’, ‘பள்ளிக் கட்டணம்’ என்று பிரித்து எழுதிவைத்த உழைப்பு வங்கிக்குத் தெரியாது, எனவே அதில் இருக்காது.

தேதியிலும் கண்ணி உண்டு. 03/04/2005 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. கோப்பில் எங்காவது 12-ஐத் தாண்டிய எண் வந்தால்தான் எது நாள், எது மாதம் என்று நிரலுக்கு உறுதியாகும். எக்செல் வழியாகக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: விண்டோஸ் எக்செல் நாட்களை 1900-இலிருந்து எண்ணியது, பழைய மேக் எக்செல் 1904-இலிருந்து எண்ணியது. ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதில் ஒட்டினால் எல்லாத் தேதிகளும் 1,462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், நகர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பங்குக் கணக்குதான். ஆப்பிள் பங்கையே எடுத்துக்கொள்வோம். 2000, 2005 ஆண்டுகளில் ஒன்று இரண்டாகவும், 2014-இல் ஒன்று ஏழாகவும், 2020-இல் ஒன்று நான்காகவும் அது பிரிக்கப்பட்டது. 1999-இல் வாங்கிய ஒரு பங்கு இன்று 112 பங்குகள். 2014-இன் ஒற்றை வரி மட்டும் மாற்றத்தில் விழுந்துவிட்டால், திரையில் தெரிவது 16. எண்ணிக்கையைத் தரகு நிறுவனத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டு இதைத் திருத்திவிடலாம். வாங்கிய விலை அப்படி இல்லை. அமெரிக்காவில் 2011 தொடக்கம் முதல் வாங்கிய பங்குகளுக்குத்தான் தரகு நிறுவனம் அடக்கவிலையை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. அதற்கு முன் வாங்கியவற்றுக்கு, விற்கும்போது லாபம் எவ்வளவு என்று காட்ட வேண்டியவர் வாங்கியவரே. பழைய மென்பொருளில் இருக்கும் அந்த வரி அவருக்குப் பெரிய பணம். புதிய மென்பொருள் வெறும் இறுதி எண்ணிக்கையை மட்டும் இறக்கிக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ‘குனுகேஷ்’ என்ற கணக்கு மென்பொருள் இந்த வகையில் நல்ல தேர்வு என்பது என் கருத்து. இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் ஒவ்வொரு பரிவர்த்தனையும், ஒரு கணக்கில் குறைவதும் மற்றதில் கூடுவதும் சேர்ந்த இரட்டைப் பதிவாகவே சேமிக்கப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. 12.34 என்ற தொகையை 1234-இன் கீழ் 100 என்ற பின்னமாக வைத்துக்கொள்வதால் சில்லறைப் பிழையும் சேராது. கோப்பின் வடிவமும் வெளிப்படையானது. அடுத்த முறை கணினி மாறினால் அதே கோப்பை அங்கேயும் திறக்கலாம்.

எதற்கு மாறினாலும் பழைய மென்பொருளை உடனே நீக்க வேண்டாம். பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் பயன் குறைவு, மாதக் கடைசி இருப்பைப் பாருங்கள். 20 ஆண்டுக் கணக்கில் 240 மாத இறுதிகள் இருக்கும். அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. கடைசி மாத இருப்பு ஒத்துவராவிட்டால், நடுவில் ஒரு மாதத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு மென்பொருளும் ஒரே இருப்பைக் காட்டினால் பிழை பிற்பாதியில், வேறுபட்டால் முற்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் அதிகபட்சம் எட்டு ஒப்பீடுகளில் பிழை தொடங்கிய மாதம் அகப்படும். அந்த மாதத்தில் வித்தியாசத் தொகைக்குச் சமமான பதிவைத் தேடுங்கள், பெரும்பாலும் இரட்டித்த பரிமாற்றமோ விழுங்கப்பட்ட ஏடிஎம் வரியோ இருக்கும். அதைச் சரிசெய்த பிறகும் கடைசி இருப்பு ஒத்துவராவிட்டால், அதற்கு அடுத்த மாதத்திலிருந்து மறுபடி பாதியாக்கத் தொடங்குங்கள்.