ஒரு வாக்கில் அரசு விழுவது எப்படி?

1999 ஏப்ரல் 17 அன்று, அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பின் முடிவில், மக்களவையின் மின்பலகையில் இரண்டு எண்கள் தெரிந்தன: ஆதரவு 269, எதிர்ப்பு 270. அன்றே பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனைச் சந்தித்துப் பதவி விலகல் கடிதத்தை அளித்தார். பதவியேற்றுப் பதின்மூன்று மாதங்களே ஆகியிருந்த அந்த அரசு ஒரே ஒரு வாக்கில் முடிவுக்கு வந்தது. நாடாளுமன்ற ஆட்சிமுறை எப்படி இயங்குகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான நாள் இந்திய வரலாற்றில் இல்லை என்று நான் கருதுகிறேன்.

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 75-வது பிரிவு கூறுகிறது. நம் ஆட்சிமுறை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அவருடைய கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அந்நாட்டு நாடாளுமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இந்தியப் பிரதமருக்கு அப்படி உறுதியான காலம் எதுவும் கிடையாது. ஐந்து ஆண்டு என்பது மக்களவையின் அதிகபட்ச ஆயுள். அரசின் ஆயுளோ அவையின் பெரும்பான்மை அதன் பக்கம் இருக்கும்வரைதான். மாநிலங்களவைக்கு இந்த அதிகாரம் இல்லை. அங்கே எத்தனை முறை தோற்றாலும் அரசு கவிழாது. பண மசோதாவைக்கூட அந்த அவை 14 நாள்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

அப்படியானால் வாக்குச்சாவடியில் நாம் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்? சட்டப்படி பார்த்தால் நம் தொகுதியின் உறுப்பினர் ஒருவரை மட்டுமே. சுவரொட்டியில் யார் முகம் இருந்தாலும், பிரதமரின் பெயர் வாக்குச்சீட்டில் இருப்பதில்லை. அவர் வேட்பாளராக நிற்கும் தொகுதியின் வாக்காளர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வென்றவர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2014-இல் பாரதிய ஜனதா கட்சி நாடு முழுவதும் ஏறத்தாழ 31 விழுக்காடு வாக்குகளைப் பெற்று 543 இடங்களில் 282-ஐ வென்றது இந்த விதியின் விளைவுதான். வாக்கு விகிதத்துக்கும் இட எண்ணிக்கைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆயினும், தங்களுக்கென்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்கக்கூடிய ஓர் உறுப்பினர் ஒவ்வொரு ஊருக்கும் கிடைக்கிறார் என்பதை மறுக்க இயலாது.

1999-இல் ஒரு வாக்கில் அரசைக் கவிழ்த்த அதே மக்களவைக்கு 1998-இல் தேர்தல் நடந்தபோது, அன்றைய பீகாரில் இருந்த ராஜ்மகல் தொகுதியில் பாரதிய ஜனதா வேட்பாளர் சோம் மராண்டி வென்ற வித்தியாசம் 9 வாக்குகள். ஐந்தே ஐந்து பேர் மாற்றி முத்திரை குத்தியிருந்தால் அந்த இடம் எதிரணிக்குப் போயிருக்கும். தனி ஒருவரின் வாக்கால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் விடை இந்தத் தொகுதிதான்.

அவையில் வாக்கெடுப்பு நடக்கும் விதத்தையும் சற்று அருகில் சென்று பார்க்கலாம். முதலில் சபாநாயகர் தீர்மானத்தை முன்வைத்து, ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்கச் சொல்வார். அந்தக் குரல் கணிப்பை யாராவது ஏற்க மறுத்தால், வளாகம் முழுவதும் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். எங்கெங்கோ இருக்கும் உறுப்பினர்கள் விரைந்து வந்து சேர்ந்ததும் கதவுகள் சாத்தப்படும். பழைய கட்டடத்தில் ஒவ்வோர் இருக்கையிலும் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் என்று பொத்தான்கள் இருந்தன. வாக்கைத் தொடங்கும் விசையை ஒரு கையாலும், தம் விருப்பத்துக்குரிய பொத்தானை மறு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதால், பக்கத்து இருக்கைக்காரருக்காகவும் சேர்த்து வாக்களிக்க வழியில்லை.

இனி அந்த நாளின் கணக்கு. 18 உறுப்பினர்களை வைத்திருந்த அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால், பெரும்பான்மையை நிரூபிக்குமாறு குடியரசுத் தலைவர் பிரதமரைக் கேட்டுக்கொண்டார். தி.மு.க.வோ அரசின் பக்கம் வாக்களித்தது. நம்பிக்கை வாக்கெடுப்பில் அவையின் மொத்த எண்ணிக்கை கணக்கில் வராது. வந்திருந்து வாக்களித்தவர்களுள் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதே கணக்கு. ஆகவே வராமல் இருப்பதும் வாக்களிக்காமல் இருப்பதும்கூட முடிவை மாற்றும். நடுநிலை வகிப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து பேர் கடைசி நேரத்தில் எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் ஒதுங்கியிருந்தால் அரசு 269-க்கு 265 என்று வென்றிருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரிசா முதலமைச்சராகியிருந்த காங்கிரஸின் கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் வைத்திருந்ததால் தில்லிக்கு வந்து எதிர்த்து வாக்களித்தார். சட்டமன்ற உறுப்பினராகாமலே ஆறு மாதம் முதலமைச்சராக இருக்கலாம் என்ற விதி அவருக்குத் துணை நின்றது. அவர் வராதிருந்தால் 269-க்கு 269. அப்படிச் சமநிலை ஏற்பட்டால்தான் சபாநாயகர் தம் வாக்கைப் பயன்படுத்தலாம். அன்று அந்த நாற்காலியில் இருந்த ஜி.எம்.சி. பாலயோகி, அரசை ஆதரித்த தெலுங்கு தேசத்தைச் சேர்ந்தவர்.

அரசு விழுந்த உடனே தேர்தல் வந்துவிடவில்லை. அதே அவையில் வேறொருவருக்குப் பெரும்பான்மை அமைகிறதா என்று முதலில் பார்ப்பதே முறை. காங்கிரஸால் போதிய ஆதரவைத் திரட்ட முடியாததால் ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. அடுத்த அரசு வரும்வரை வாஜ்பாய் காபந்துப் பிரதமராக நீடித்தார். பெரிய கொள்கை முடிவுகளைக் காபந்து அரசு எடுக்கக் கூடாது என்பது மரபு. ஆனால் நாட்டின் நிர்வாகமும் பாதுகாப்பும் ஒரு நாளும் நிற்கக் கூடாதவை. அந்தக் கோடையில் கார்கில் போர் மூண்டபோது அதை நடத்தியது இந்தக் காபந்து அரசுதான்.

அதே வாக்கெடுப்பில் தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ், அரசை ஆதரிக்கச் சொன்ன கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர்) உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். பணத்துக்கும் பதவிக்கும் அணி மாறுவதைத் தடுக்க அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் சாதாரண மசோதாக்களுக்கும் அதே தண்டனை பொருந்துவதால், தம் தொகுதி மக்களைப் பாதிக்கும் ஒரு சட்டத்தைக்கூட உறுப்பினர் தம் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் ஏற்ப எதிர்க்க முடியாமல் போகிறது. அரசு நிலைக்குமா விழுமா என்று தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடா மீறலுக்குப் பதவியிழப்பு இருந்தால் போதும் என்று தேர்தல் சீர்திருத்தங்களுக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான சட்டத்திருத்தம் இன்றுவரை வரவில்லை.