விழி வளரும் பருவமும் வீட்டுக்குள் கழியும் பகலும்

பிறந்த குழந்தையின் விழி, முன்பக்கக் கருவிழியிலிருந்து பின்பக்க விழித்திரை வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்து ஆளானவருக்கு அது 23 அல்லது 24 மில்லிமீட்டர். இடைப்பட்ட ஆண்டுகளில் விழி தன்போக்கில் வளர்வதில்லை. கருவிழியும் உள்ளே இருக்கும் வில்லையும் ஒளியைக் குவிக்கும் இடத்துக்கு விழித்திரை வந்து பொருந்தும்வரை வளர்ந்து, பொருந்தியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்து மங்கலாகிவிடும். இதுதான் கிட்டப்பார்வை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கண் பரிசோதனை முடிந்து ‘மைனஸ் இரண்டரை’ என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

செல்போன் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடுவதால் கிட்டப்பார்வை வருகிறது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். திரையின் வெளிச்சத்துக்கு அவ்வளவு வலிமை கிடையாது. முற்றத்து வெயிலுக்கு முன்னால் அது மிகவும் மங்கல். குழந்தையின் பகல் பொழுது மொத்தமும் அந்த மங்கலிலேயே கழிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. அது ஏன் கவலைக்குரியது என்பது, விழி தன் நீளத்தை எப்படி அளந்துகொள்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

1977இல் நரம்பியல் ஆய்வாளர்களான டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குட்டிக் குரங்குகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவைத்து ஆராய்ந்தார்கள். மூடிய கண் மற்றதைவிட நீளமாக வளர்ந்து, கிட்டப்பார்வைக் கண்ணாகிவிட்டது. தெளிவான பிம்பம் கிடைக்காத விழிக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகள் இன்னும் வியப்பானவை. குஞ்சின் பார்வைப் பரப்பில் பாதியை மட்டும் மங்கலாக்கினால், அந்தப் பாதியைப் பார்க்கும் விழிச்சுவர் மட்டும் நீண்டது. மறுபாதி ஒழுங்காகவே இருந்தது. விழியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை வெட்டிய பின்பும் மங்கலான கண் நீளத்தான் செய்தது. ஆக, எவ்வளவு வளர்வது என்ற முடிவு பெருமளவுக்கு விழித்திரையிலேயே, பகுதி பகுதியாக எடுக்கப்படுகிறது. அங்கிருந்து புறப்படும் வேதிச் சேதிகள், பின்னால் இருக்கும் இரத்தக்குழாய்ப் படலத்தைத் தாண்டி வெளிச்சுவரான வெண்படலத்தை எட்டுகின்றன. அதன் நார்கள் இளகி நீள்வதும், இறுகி நிற்பதும் அந்தச் சேதிகளைப் பொறுத்தது.

அவற்றில் முக்கியமான ஒன்று டோபமைன். செல்போன் பழக்கத்தை விட முடியாமல் தவிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்லப்படும் அதே டோபமைன்தான். ஆனால் இங்கே அது வேலை செய்வது விழித்திரைக்குள். வெளிச்சம் கூடும்போது விழித்திரையில் டோபமைன் சுரப்பும் கூடும். அது விழியின் நீட்சிக்குத் தடை போடும். பிரகாசமான விளக்கொளியில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளின் கண்கள், மங்கலாக்கும் மூடியை மாட்டியிருந்தபோதும் குறைவாகவே நீண்டன. டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்தை விழிக்குள் செலுத்தியதும் அந்தப் பாதுகாப்பு மறைந்துபோனது.

கோழிக்குஞ்சுக்கு உள்ளது குழந்தைக்கும் பொருந்துமா? சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3 சதவீதம் மட்டுமே. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படிப்பவர்களும் இல்லை. பெரிய வேறுபாடு, வீட்டுக்கு வெளியே கழித்த நேரத்தில் இருந்தது. வாரத்துக்கு சிட்னியில் பதின்மூன்றே முக்கால் மணி நேரம், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளி விளையாட்டு வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதல் வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதம். மருந்து இல்லை, கருவி இல்லை, வெறும் நாற்பது நிமிடப் பகல் வெளிச்சம். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்திவருகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். செல்போனிலேயே அதைத் தோராயமாக அளந்து காட்டும் செயலிகள் உண்டு. ஒருமுறை பிள்ளையின் கையில் கொடுத்து அளக்கச் சொல்லலாம். ஜன்னல் திரை போட்ட ஹாலில், டியூப்லைட் வெளிச்சத்தில், 100 முதல் 300 லக்ஸ் வரை காட்டும். சிட்டவுட்டுக்கு வந்தால் எண் மளமளவென்று ஏறும். வீட்டை ஒட்டிய விளையில், தென்னை நிழலில் நின்றால் சில ஆயிரங்களைத் தொடும். வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஒரு லட்சத்தை நெருங்கும். ஆடிச் சாரல் மூடியிருக்கும் நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைப்போல் பல மடங்கு. நம் கண் இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. கண்மணி சுருங்கி விரிந்து, விழித்திரையும் பழகிக்கொள்வதால், ஹாலும் முற்றமும் ஓரளவு ஒரேபோலத்தான் தோன்றும். அதனால்தான் ‘வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் இருக்கிறதே’ என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. பாயில் கவிழ்ந்து படுத்து முழங்கையை ஊன்றிக்கொண்டு செல்போன் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பல நேரம் 20 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் தெளிவாகப் பார்க்க விழிவில்லை 5 டயாப்டர் அளவுக்குக் கூடுதலாகக் குவிய வேண்டும் (கண்ணாடிச் சீட்டில் ‘பவர்’ என்று எழுதும் எண்ணின் அலகுதான் டயாப்டர்). மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டிவிக்கு மூன்றில் ஒரு டயாப்டர் போதும். நாற்பத்தைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான பகுப்பாய்வில், நாளொன்றுக்குத் திரை நேரம் ஒரு மணி கூடும்போது கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு விகிதம் 21 சதவீதம் கூடுவதாகத் தெரியவந்தது. அந்த நேரத்தில் பிள்ளை வெளியே இல்லை என்பதும் அருகிலேயே பார்க்கிறது என்பதும் பின்னிப்பிணைந்தவை. இது இவ்வளவு, அது இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

புத்தகத்துக்கும் இதில் பங்கு உண்டு. படிப்பில் கூடும் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ கால் டயாப்டர் கிட்டப்பார்வையைச் சேர்க்கிறது என்று, மரபணுத் தரவுகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018இல் கண்டறிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளின் நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் பள்ளி வேன். நாலரை மணிக்குத் திரும்பியதும் காப்பி, ஐந்து மணிக்கு டியூஷன். டியூஷன் இல்லாத நாளில் செல்போன். நவம்பரில் ஆறு மணியை ஒட்டியும் ஜூலையில் ஆறே முக்கால் வாக்கிலும் சூரியன் மறைந்துவிடும். பள்ளியிலோ பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரியில் இருக்கும் ஊர் இது. மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை நாள் முழுவதும் அரை மணி நேரம்கூட வானத்தின் கீழ் நிற்காமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. டியூஷன் ஆறரைக்குத் தொடங்கட்டும். வேனை விட்டு இறங்கிய பிள்ளையிடம் ‘மக்களே, இருட்டும்வரை விளையில் போய் விளையாடு’ என்று சொன்னால் போதும். வெயிலில் வாட்ட வேண்டியதில்லை. மர நிழல் போதும், தொப்பியும் போடலாம். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடக் கூடாது. பள்ளிகளில் மதிய இடைவேளையில் வகுப்பறையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பலாம். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மாலையானால் பிள்ளைகள் பந்தோடு மணலில் இறங்குகிறார்கள். அந்த வழக்கத்தைப் படிப்பின் பேரால் நிறுத்திவிடாதீர்கள்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகம். உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வளைகுடாவிலிருந்து அழைக்கும் அப்பாவிடம் பிள்ளையைக் காட்டத் தயங்க வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். இரவு திரை தூக்கத்தையும் கெடுக்கும். பிள்ளைகளின் கண்மணி பெரியது, வில்லை தெளிவானது. அதனால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைப் பெரியவர்களைவிட அவர்களிடம் வெளிச்சம் எளிதில் அடக்கிவிடுகிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கினால் கண்சோர்வு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அதற்குச் சான்று காணவில்லை. மருத்துவர் எழுதிய கண்ணாடியைப் பிள்ளைக்குப் போடாமல் இருப்பது அதைவிடக் கேடு. ‘போட்டால் பவர் கூடிவிடும்’ என்று, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, தள்ளிப்போடும் வீடுகள் பல. தேவையைவிடக் குறைந்த பவர் கண்ணாடி கொடுத்து மலேசியாவில் 2002இல் சோதித்தபோது கிட்டப்பார்வை குறையவில்லை, இன்னும் வேகமாகக் கூடியது.

நீண்ட விழி மறுபடி சுருங்காது. நீட்சி மிகுந்தால் விழித்திரை மெலிந்து, நடுவயதில் அது பிரிந்துவிடும் ஆபத்து கூடும். கண்நீர் அழுத்த நோய்க்கும் (கிளாக்கோமா) வாய்ப்பு அதிகம். கிட்டப்பார்வை ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளைக்கு வெயில் மட்டும் போதாது. வெளி விளையாட்டு, அது வராமல் தடுப்பதில் காட்டும் பலனை வந்தபின் அவ்வளவாகக் காட்டுவதில்லை. அட்ரோபின் என்ற மருந்தை மிகக் குறைந்த செறிவில் இரவுதோறும் ஒரு சொட்டு விட்டால் விழி நீளும் வேகம் குறையக்கூடும். இதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி வில்லைகளும் வந்துள்ளன. எது பொருந்தும் என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்வார். அவர் சொட்டுமருந்து விட்டுக் கண்மணியை விரித்து அளக்கும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். பிள்ளையின் வில்லை தானாகக் குவிந்துகொண்டால், இல்லாத மைனஸ்கூட இருப்பதாகக் காட்டும். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, டிவிக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து போவது, தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறுவது ஆகியவை முதலில் தெரியும் அறிகுறிகள். தாய்க்கோ தந்தைக்கோ மைனஸ் கண்ணாடி இருந்தால், இந்த அறிகுறிகளுக்குக் காத்திராமல் பள்ளியில் சேர்க்கும்போதே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.