பனியில் நிற்கிற மரம் எங்கள் வெயிலிலும் நிற்கும் என்று யார் சொன்னது?

போன கிழமை கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்வளவில் மூன்று பாத்தி, மூன்றிலும் இடுப்பளவு உயரத்தில் காய்ந்த குச்சிகள். ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினேன். மரம் கன்று பார்க்கிற எங்கள் தொழிலில் வாய் திறப்பதற்கு முன் செய்கிற முதல் சோதனை அதுதான். உள்ளே பச்சை இல்லை, வெறும் பழுப்பு. ஆடியில் நோர்வேயிலிருந்து வந்த மகன் ஈரக் கடதாசியில் சுற்றிப் பயணப்பெட்டிக்குள் கொண்டுவந்த வீப்பிங் பேர்ச் கன்றுகள், வெள்ளைப் பட்டையும் தொங்கும் கிளையும் உள்ள குளிர்நாட்டு மரம். அந்த அம்மா காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இலை சோர்ந்தபோதே ஏன் அம்மா கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"தொங்குற மரம் எண்டுதானே தம்பி அவன் சொன்னவன். அதான் தொங்குது எண்டு இருந்திட்டன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த வருடம் இது நான்காவது வீடு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேர்ச்சில் தொங்குவது மெல்லிய கிளைகள்தான். அவற்றில் இருக்கிற இலை முக்கோண வடிவில், ஓரம் பல்லுப்பல்லாக, விறைப்பாக நிற்கும். இலையே துவண்டு, ஓரம் கருகிச் சுருண்டால் கன்று செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி என்னைப் பல வருடமாக வாட்டுகிற பேச்சுக்கு வருகிறேன். "பனியிலேயே தாங்குற மரத்துக்கு எங்கட வெயில் எம்மாத்திரம்?" நான்கு வீட்டிலும் இதைக் கேட்டேன். குளிர் அந்த மரத்துக்கு ஒரு கஷ்டம், அதை எடுத்துவிட்டால் மரம் இன்னும் செழிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பேர்ச்சுக்குக் குளிர் வேண்டும். பகல் குறையத் தொடங்கினால் அது வளர்வதை நிறுத்தி, இலையைக் கொட்டி, அடுத்த வருடத்து மொட்டுகளைச் செதில்களால் இறுக்கி மூடிக்கொண்டு தூங்கும். 5 பாகை அளவுக் குளிரில் பல வாரம் கிடந்தால்தான் அந்த மொட்டு வசந்தத்தில் ஒழுங்காக விரியும். எங்கள் ஊரில் தை மாத விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இதில் மொட்டு எந்தக் குளிரைக் கண்டு விழிக்கும்?

பகல் நேரத்தையும் பாருங்கள். ஒஸ்லோவில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 19 மணித்தியாலம். வன்னியில் மிக நீண்ட பகலே 12½ மணித்தியாலத்தைச் சற்றுத்தான் தாண்டும். அங்கிருந்து வந்த கன்றுக்கு எங்கள் நடுக்கோடையின் பகல் அளவு இலையுதிர்காலம் மாதிரி. வளர்ச்சியை நிறுத்து என்று பகல் சொல்கிறது, 35 பாகை வெயில் மறுபுறம் உறிஞ்சுகிறது. எங்கள் பனை எவ்வளவு வெயிலைத் தாங்குகிறது! அதற்காக ஒஸ்லோவில் நட்டால் இன்னும் நன்றாக வரும் என்று யாராவது சொல்வோமா? ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் கட்டி உறையவைத்து வேரடியில் கொட்டியிருந்தார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வேர் சேதப்படும், மொட்டு அதை உணரப்போவதில்லை.

மண்ணும் தண்ணீரும் தனிக் கதை. பேர்ச் வேர் மேல்மண்ணிலேயே படரும், சோளகக் காற்று அந்த மண்ணை இரண்டு நாளில் பொருக்காக்கிவிடும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புதான் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது. புளிப்பு மண்ணை விரும்புகிற மரத்துக்கு அது ஒத்துவராது.

அப்புறம், இதை எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயணப்பெட்டியில் கன்றோ விதையோ வேர் மண்ணோ கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டிய இறக்குமதி அனுமதி வேண்டும், புறப்படும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். "ஒரு சின்னக் கன்றுதானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து வந்து பரவிய பார்த்தீனியக் களையைப் பற்றி வன்னி மக்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட அந்தச் செடியை இன்றுவரை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறோம், தோல் கடியும் இழைப்புமாக. வேர் மண்ணுக்குள் என்ன புழு, என்ன பூஞ்சணம் வருகிறது என்று பெட்டியைக் கட்டுகிறவருக்குத் தெரியாது.

வெள்ளைப் பட்டையும் தாழ்ந்து சரிகிற கிளையும்தான் ஆசை என்றால், கனகராயன் ஆற்றங்கரையில் போய் நின்று பாருங்கள். மருது. வழுவழுப்பான வெளிர்ந்த பட்டை, பொருக்குப் பொருக்காக உரியும், கிளை நுனிகள் தண்ணீரை நோக்கித் தாழும். மருதோடை என்று ஊருக்கே பெயர் வைத்த மரத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறோம் என்பதுதான் எனக்கு மனவருத்தம். ஆனால் மருது பெரிய மரம். வாய்க்கால் கரை, குளத்துப் பக்கம், பின்வளவு என்றால் வையுங்கள், வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் 30 அடியாவது தள்ளி. முன்வளவு சிறிதென்றால் சரக்கொன்றை. மதிலோரம் ஒடுங்கிய இடத்துக்கு நெட்டிலிங்கம், அதன் இலையும் கிளையும் கீழ்நோக்கியே விழும்.

நடுவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. ஆடியில் எந்தக் கன்றையும் நடாதீர்கள், எங்கள் ஊர் மரமாக இருந்தாலும். இரண்டு அடிக் குழி, மேல்மண்ணோடு உக்கிய மாட்டெரு. பச்சை எரு போட்டு வேரை அவிக்காதீர்கள். பொலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள், பையோடு புதைத்ததையும் கண்டிருக்கிறேன். முதல் கோடைக்கு மேற்குப் பக்கம் ஒரு கிடுகு, அடியில் வைக்கோல், தண்டில் முட்டாமல். ஆட்டுக்கு வேலி.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் பேர்ச்சை அங்கேயே நன்றாக வளருங்கள். வசந்தத்தில் கிளை வெட்டாதீர்கள், சாறு நிற்காமல் வடியும். குடை மாதிரிக் கவிழ்கிற சிறிய வகை ஒட்டுக்கன்று. ஒட்டுக்குக் கீழே நிமிர்ந்து வருகிற தளிரைக் கிள்ளிவிடுங்கள். அடிமண் குளிர்ச்சியாக இருக்க மரச்சீவல் பரப்புங்கள். கனடாவில் உச்சிக்கிளை முதலில் காய்ந்தால் தண்டு துளைக்கும் வண்டைச் சந்தேகியுங்கள்.

அந்த அம்மாவிடம் மூன்று குழிகளையும் மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்னுக்கு இரண்டு கொன்றை, பின்னால் வாய்க்கால் ஓரம் புதிதாக வெட்டுகிற குழியில் ஒரு மருது. மூன்றாவது குழியில் என்ன வைப்பது என்று மகனிடம் வாட்ஸ்அப்பில் கேட்கப்போகிறாராம். முதல் மழை விழுந்ததும் கன்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.