அப்பாவின் எச்சிலில் தெரிந்தது

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் சாயங்காலம், இருபது நாள் மகளைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே வாசலில் நடந்துகொண்டிருந்தான். பார்த்த பெரியவர் ஒருவர், "அம்மாகிட்ட குடுப்பா, இதெல்லாம் ஆம்பளை செய்யற வேலையா?" என்றார். அவனும் உடனே உள்ளே போய்க் கொடுத்துவிட்டான். எனக்கு மனசே ஆறவில்லை.

ஆண் என்றால் முறுக்கு, போட்டி, சண்டை. அது அவன் ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறோம். சரி, ரத்தத்தில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். விரைகளிலுள்ள லெய்டிக் செல்கள் அதைச் சுரக்கின்றன. ஆனால் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ், அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி அனுப்பும் இன்னொரு ஹார்மோன் விரைகளை முடுக்கும். அளவு கூடினால் செய்தி மூளைக்குத் திரும்பிப் போய், சுரப்பு தணியும். காலையில் அதிகம், மாலையில் குறைவு. மூளை இதில் சம்பந்தப்பட்டிருப்பதால் நாம் வாழும் வாழ்க்கையும் இந்த அளவை அசைக்க முடிகிறது.

அசைவதை நேரடியாகவே பார்த்தார்கள். பிலிப்பைன்ஸின் செபுவில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் 2005இல் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்க எச்சில் சேகரித்தார்கள்: காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை. 2009இல் அதே ஆட்களிடம் மறுபடியும். முதலில் தனியாக இருந்தவர்களில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களே நாலு வருஷத்தில் குடும்பஸ்தராகி அப்பாவும் ஆகியிருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அப்பா ஆனதும் கதை மாறியது. அவர்களுடைய காலை அளவு 26 சதவீதமும் இரவு அளவு 34 சதவீதமும் சரிந்திருந்தது. தனியாகவே இருந்தவர்களுக்கும் வயது ஏற ஏறக் குறைந்ததுதான், ஆனால் 12, 14 சதவீதம் மட்டுமே. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களுக்கு அளவு, பார்த்துக்கொள்ளாத அப்பாக்களைவிடக் குறைவு.

இதைப் படித்துவிட்டு 'ஆண்மை போய்விட்டது' என்று யாரும் பயப்பட வேண்டாம். இது நோயால் வரும் குறைபாடு இல்லை. துணை தேடும் பருவத்துக்கு ஓர் அளவு, பிள்ளை வளர்க்கும் பருவத்துக்கு வேறோர் அளவு என்று உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

அப்பா என்ற பெயர் வந்தால் மட்டும் போதுமா? தான்சானியாவில் ஹட்சா, டடோகா என்று அக்கம்பக்கத்தில் வாழும் இரண்டு சமூகங்கள் உண்டு. வேட்டையாடிக் காய்கனி தேடி வாழும் ஹட்சா ஆண்கள் குழந்தையைத் தூக்குவார்கள், கூடவே வைத்துக்கொள்வார்கள். மாடு மேய்க்கும் டடோகாவில் அப்பாக்கள் கைக்குழந்தைப் பக்கம் அதிகம் வருவதில்லை. 2009இல் வெளியான ஆய்வில், ஹட்சா அப்பாக்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பிள்ளை இல்லாத ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. டடோகா ஆண்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. பிள்ளை பெற்றது இரண்டு பக்கமும்தான், தூக்கி வளர்த்தது ஒரு பக்கம்.

செபு ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அப்பாக்களிடம் சரிவு மற்ற அப்பாக்களைவிட அதிகம். அந்தத் தம்பியின் மகளுக்கு அன்று இருபதாவது நாள்.