காப்புரிமையை எண்ணிக்கொண்டிருந்தால் வளர்ச்சி வராது

மறுபடியும் ஒரு கொள்கை வரைவு என் மேசைக்கு வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே இலக்கு: ஐந்தாண்டில் காப்புரிமை விண்ணப்பங்களை இரண்டு மடங்காக்குவது. ஆய்வகத்தில் பிறந்த தொழில்நுட்பத்தை உற்பத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். இந்த வரியை எத்தனை முறை அடித்தாலும் அடுத்த வரைவில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காப்புரிமை கிடைத்தால் கண்டுபிடிப்பு சந்தைக்கு வந்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அது பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமை, அவ்வளவுதான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதுவும் வாங்கிய நாட்டில் மட்டும். அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால். பொருள் விலைபோகும் என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் உறுதி தருவதில்லை. இலக்கு எண்ணிக்கைதான் என்றால், ஒரே ஆய்வை மூன்றாக உடைத்து மூன்று விண்ணப்பம் போடுவார்கள். எண் ஏறும். அப்புறம் கட்டணம் கட்ட ஆளில்லாமல் காலாவதியாகும்.

உண்மையான தடை ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு லிட்டர் குடுவையில் அடக்கமாக நடந்த வேதிவினையை அதே வடிவமுள்ள 1,000 லிட்டர் கலனில் செய்து பாருங்கள். கொள்ளளவு 1,000 மடங்கு. வெப்பம் வெளியேறும் பரப்பு 100 மடங்குதான். குளிர்விக்கும் முறையையே புதிதாக யோசிக்க வேண்டும். அதற்கு பைலட் பிளான்ட், அதாவது முழு ஆலைக்கு முன் சிறிய அளவில் செய்து பார்க்கும் சோதனை ஆலை வேண்டும். ஆய்வு நிதி பெரும்பாலும் அதற்கு முன்பே நின்றுவிடும். வங்கியோ அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கும்.

தைவானைப் பாருங்கள். 1973-ல் அரசு ஒரு தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. 1976-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் சிப் தொழில்நுட்பத்தை வாங்கி, பொறியாளர்களையும் அங்கே அனுப்பிப் பழக்கியது. அடுத்த ஆண்டே பைலட் பிளான்ட். அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து 1980-ல் யூஎம்சியும் 1987-ல் டிஎஸ்எம்சியும் என இரண்டு சிப் தயாரிப்பு நிறுவனங்கள் கிளைத்தன. தொடக்கம் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, கற்றுக்கொண்ட கைகள்.

கொள்கை எழுதுபவர்களே, பைலட் பிளான்டுக்கும் தரச்சோதனைக் கூடங்களுக்கும் தனியாக நிதி ஒதுக்குங்கள். ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பும் விஞ்ஞானியின் பதவி உயர்வில் கை வைக்காதீர்கள். உள்நாட்டுப் புதுப்பொருளின் முதல் வாடிக்கையாளராக அரசுத் துறைகளே இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டறிக்கையில் காப்புரிமை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: இவற்றில் எத்தனை உற்பத்தியில் இருக்கின்றன? முதல் சில ஆண்டுகள் அங்கே பூஜ்ஜியம்தான் வரும். அதைக் காட்டி நிதியை வெட்டிவிடாதீர்கள். தைவானுக்கே ஆர்சிஏ ஒப்பந்தத்திலிருந்து டிஎஸ்எம்சி வரை 11 ஆண்டுகள் பிடித்தன.