அப்போப்டோசிஸ்: தன்மடிவு

தலையில் பலமாக அடிபட்டால் மூளையின் உயிரணுக்கள் எல்லாமே அந்த நொடியில் சாவதில்லை. சில கிழிந்து உடனே சாகும். வேறு சில பிழைத்ததுபோல் இருந்துவிட்டு, பல மணி நேரமோ பல நாளோ கழித்துத் தம்மைத் தாமே கலைத்துக்கொண்டு மடியும். இந்தப் பிந்திய சாவுக்குத்தான் அப்போப்டோசிஸ் என்று பெயர்.

ஆஸ்திரேலிய நோயியலாளர் ஜான் கெர், எலியின் கல்லீரலில் சுருங்கிச் சாகும் உயிரணுக்களைக் கண்டு முதலில் 'சுருங்கு நசிவு' என்ற பொருளில் பெயரிட்டார். அப்புறம் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டைர் கரி ஆகியோருடன் சேர்ந்து 1972-இல் எழுதிய கட்டுரையில் புதுச்சொல் வந்தது. எடுத்துக்கொடுத்தவர் அங்கிருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். 'அப்போ' என்றால் விலகி, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதற்கான சொல் இது. 'ப்டோசிஸ்' என்பதில் 'ப்' ஒலிக்கக் கூடாது என்று கட்டுரையிலேயே குறிப்பு உண்டு; யார் கேட்கிறார்கள்!

இதன் எதிர்ச்சொல்போல நிற்பது நெக்ரோசிஸ், அதாவது நசிவு. அதில் உயிரணு வீங்கி வெடிக்கும், உள்ளிருப்பது வெளியே கொட்டும், சுற்றிலும் அழற்சி கிளம்பும். அப்போப்டோசிஸிலோ உயிரணு சுருங்கி, சவ்வு மூடிய துண்டுகளாக உடையும். துப்புரவு உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். இப்படிச் சாகவும் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வேண்டும். அது தீர்ந்துபோனால் நசிவுதான்.

மூளைக்காயத்தைச் சமன்பாடுகளில் எழுதும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. எளிய கணித மாதிரி ஒன்றில் நலமானவை, காயமுற்றவை, இறந்தவை என உயிரணுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று வகைக்கெழுச் சமன்பாடு எழுதலாம். நசிந்த உயிரணுவிலிருந்து கொட்டும் குளுட்டமேட் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள், பக்கத்து நரம்பணுக்களுக்குள் கால்சியத்தைப் பாயவிட்டு அவற்றையும் காயப்படுத்தும். ஆகவே சமன்பாட்டில் நசிவைக் குறிக்கும் உறுப்பு (term), நலமானவற்றின் சமன்பாட்டுக்குள் மறுபடி நுழைகிறது. அப்போப்டோசிஸில் இந்தப் பின்னூட்டம் மிகக் குறைவு. காலத் தாமதம் உண்டு. இரண்டையும் 'செல் இறப்பு' என்று எழுதிவைத்தால் மாதிரியைப் படிக்கவே முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' என்பது நீளம். பொருளும் இதைவிட அகலமானது. 'செல் தற்கொலை' செய்தித்தாளுக்குப் பொருந்தும், பாடநூலுக்குப் பொருந்தாது. கிரேக்கச் சொல்லுக்கு மிக நெருங்கியது 'வீ': உதிரும் பூவுக்கும் அதுவே பெயர், வீதல் என்றால் சாதலும்கூட. ஆனால் 'உயிரணு வீவு' என்றால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? என் தேர்வு 'தன்மடிவு'. 'தன்மடிவு வீதம்', 'தன்மடிவுத் தாமதம்' என்று அடுத்த சொல்லோடு சிக்கலில்லாமல் சேர்கிறது. உயிரணுவைக் 'கலம்' என்று எழுதும் இலங்கையில் 'கலத் தன்மடிவு' என்றாலும் சரியே.