ப்ரீஃபேப்: முன்கட்டா, முன்புனைவா?

வெல்டிங் பட்டறை வாசலில் 'ஃபேப்ரிகேஷன் ஒர்க்ஸ்' என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட், கிரில் எல்லாவற்றையும் அங்கேயே அறுத்து, ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்துவார்கள். கட்டடத்தின் பாகங்களை இப்படி வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்துவதைக் குறிக்கும் ப்ரீஃபேப்ரிகேட் (சுருக்கமாக ப்ரீஃபேப்) என்ற சொல்லின் வேரும் பட்டறைதான்.

லத்தீனில் ஃபாபெர் என்பவர் மரம், உலோகம், கல் முதலியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர். பழந்தமிழில் சொன்னால் கம்மியர். அவருடைய பட்டறை ஃபாப்ரிகா. கொல்லுலையைக் குறிக்கும் ஃபோர்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஃபேப்ரிகேட் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. 'முன்' என்று பொருள்படும் ப்ரீ அதன் தலையில் ஏறியது 1930களில்.

சொல்தான் புதிது, வேலை பழையது. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த 'கிரிஸ்டல் பேலஸ்' என்ற கண்ணாடி மாளிகை நல்ல உதாரணம். வார்ப்பிரும்புச் சட்டங்களும் கண்ணாடிப் பலகைகளும் வெளியே ஒரே அளவில் தயாராகி வந்திறங்கின. ஓராண்டுக்குள் கட்டடம் எழுந்துவிட்டது. கண்காட்சி முடிந்ததும் கழற்றி எடுத்துப்போய் சிடன்ஹாமில் மாற்றியமைத்து நிறுத்தினார்கள். நம் பக்கம் கீழடியில் கிடைத்த உறைகிணறுகளும் ஏறக்குறைய இதே வழிதான்: சுடுமண் உறைகளைத் தனியே செய்து சுட்டு, குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது.

ப்ரீஃபேப் என்ற சுருக்கம் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு புழங்கியது இரண்டாம் உலகப்போரை ஒட்டி. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்காக 1944இல் ஒரு சட்டம் போட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளை அமைத்தார்கள். சுமார் பத்தாண்டு தாங்கினால் போதும் என்பது கணக்கு. சிலவற்றில் அரை நூற்றாண்டு தாண்டியும் ஆட்கள் குடியிருந்தார்கள்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பேச்சில் 'ரெடிமேட் வீடு' என்றாலே புரிந்துவிடும். எழுத்தில்தான் சிக்கல். 'முன்தயாரிப்பு' என்றால் தேர்வுக்குப் படிப்பதுபோல் இருக்கிறது. 'முன்கட்டு' அதைவிட மோசம்: பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்பவை வீட்டின் பகுதிகள். கட்டுதல் என்ற வினையே இங்கே சரிப்படாது. கட்டுவது மனையில் நடக்கும் வேலை. ப்ரீஃபேப்பில் மனையில் நடப்பது பெரும்பாலும் பொருத்துவதும் பூட்டுவதும்தான். ப்ரீ காலத்தைச் சொல்வதுபோல் தெரிந்தாலும், உண்மையில் சுட்டுவது இடத்தை: செய்தல் வேறிடம், நிறுத்தல் வேறிடம்.

என் விருப்பம் புனைதல். செய்தல், தொடுத்தல், அழகுற அமைத்தல் எல்லாம் அதில் அடங்கும். புனைவு என்றால் கதையல்லவா என்று கேட்கலாம். ஃபேப்ரிகேட் என்றாலும் இல்லாததை இட்டுக்கட்டுவது என்று ஒரு பொருள் உண்டே. ஆகவே ப்ரீஃபேப்ரிகேஷன் முன்புனைவு. அப்படி அமைந்தவை முன்புனை வீடு, முன்புனை பாலம்.

ப்ரீகாஸ்ட்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கான்கிரீட்டை அச்சில் ஊற்றி இறுகவைத்து எடுப்பது; அதற்கு முன்வார்ப்பு என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. சாலையோரம் விற்கிற சிமென்ட் உறை முன்வார்ப்பு, ஆகவே முன்புனைவும்கூட. இரும்புச் சட்டமும் தகடும் பூட்டி நிறுத்தும் ஷெட் முன்புனைவு மட்டும்தான்.